‘டவர் 1862’ என்று பொறித்த பழைய துவக்கைச் செய்தது யார்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உங்கள் மனைவியின் அம்மம்மா வீட்டைத் திருத்தும்போது, குழல் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கிற பழைய துவக்கு (துப்பாக்கி) ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. குதிரை (சுடும்போது அடிக்கிற சுத்தி) பூட்டியிருக்கிற பக்கத் தகட்டில், பின்பக்கம் ஒரு முடி, முன்பக்கம் 1862 என்ற ஆண்டும் ‘டவர்’ என்ற ஆங்கிலச் சொல்லும். குழலின் இடப்பக்கத்தில் முடி வைத்த பெருக்கல் குறி போல இரண்டு அடையாளம், அவற்றுக்கு நடுவே 25 என்ற எண் இரண்டு தரம். குழல் 31 அங்குலம். உள்ளே வழுவழுப்பு. பிடிக்கட்டையில் சூடு போட்ட ஒரு குறி. “டவர் கம்பனி எங்கே இருந்தது? செய்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?” என்பது கேள்வி.

வழி உண்டு. ஆனால் டவர் என்று ஒரு கம்பனி இருக்கவில்லை. அது லண்டன் டவர் கோட்டை. பிரிட்டிஷ் அரசு தன் படைக்கலங்களைச் சேர்த்துப் பரிசோதித்து வைத்த இடம். அந்தப் பெயர் ஒரு தர அடையாளம் போல ஆகி, அரசுக்குச் செய்யாத துவக்குகளிலும் தாராளமாகப் பொறிக்கப்பட்டது. எங்கள் பகுதியில் பழைய துவக்கு வைத்திருந்த போடியார் (பெருங்காணிக்காரர்) குடும்பங்கள் பலவற்றில் “இது டவர் துவக்கு” என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை சரிதான், ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு இடமும் போய்ச் சேர மாட்டீர்கள்.

தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் துவக்கைத் தொடவே வேண்டாம். குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பன்றி காவலுக்கு இடித்து வைத்தபடியே பரணில் ஏற்றிய துவக்குகளும் உண்டு, பிரச்சினைக் காலத்தில் அவசரமாக ஒளித்தவையும் உண்டு. கறுப்பு மருந்து ஈரம் படாமல் கிடந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். மெல்லிய மரக்குச்சி ஒன்றை வாய்வழியாக மெதுவாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்போடு ஒட்டி நிற்க, குழலின் வெளிப்புறமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப் (மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) மாட்டுகிற காம்பு இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போக வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், ஆனால் மருந்தும் குண்டும் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். சூடு காட்டுவது, கிரைண்டர் பிடிப்பது, கம்பியால் குத்திக் கிளறுவது ஒன்றும் வேண்டாம். அப்படியே வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்வதுதான் சரி. இதைச் செய்யும்போது குழல்வாய் ஒருவரையும் பார்த்திருக்கக் கூடாது, உங்களையும் சேர்த்து.

லைசன்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துவக்குகள் சட்டத்தின் கீழ் வாய்வழித் துவக்குக்கும் லைசன்ஸ் வேண்டும். “பழசுதானே, வெடிக்காதே” என்பது சட்டத்துக்கு முன் செல்லாது. வீட்டில் பழைய லைசன்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று பெட்டகம், அலுமாரி எல்லாம் தேடிப் பாருங்கள். கிடைத்தால் இரண்டு நன்மை. சட்டப்படி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அதோடு, அந்தக் காலத்து எழுதுவினைஞர் துவக்கின் விவரத்தை எப்படி எழுதினார், என்ன எண்ணைப் பதிந்தார் என்பதும் தெரியும். லைசன்ஸ் இல்லை என்றால் துவக்கைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போகாமல், ஒரு சட்டத்தரணியோடு பேசிவிட்டு முறைப்படி அறிவியுங்கள். படங்களைப் பொதுவில் போடுவதையும் அதுவரைக்கும் நிறுத்தி வையுங்கள்.

சரி, இனி துவக்குக்கு வருவோம்.

நான் முதலில் பார்ப்பது குழலைத்தான், பக்கத் தகட்டை அல்ல. தகட்டில் விற்றவர் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். குழலில் இருக்கிற சோதனை முத்திரை அப்படி இல்லை. கூடுதலான மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கிய பிறகுதான் அதை அடிப்பார்கள். அடிப்பதற்கு அதிகாரம் பெற்ற இடங்கள் சொற்பம். லண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. அவர்களின் முத்திரை, முடிக்குக் கீழே பின்னிய ஜீ, பீ எழுத்துகள், கூடவே முடிக்குக் கீழே வீ. பேர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. அவர்களின் முத்திரைதான் நீங்கள் பெருக்கல் குறி என்று சொல்வது. அவை குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். மேலே முடி. ஒன்றில் செங்கோல்களுக்கு இடையில் மூன்று எழுத்துகள் இருக்கும், மற்றதில் வீ என்ற ஒரே எழுத்து. முன்னது வெடித்துச் சோதித்ததற்கு, பின்னது கண்ணால் பார்த்துத் தேறியதற்கு.

ஆகவே உங்கள் குழல் சோதிக்கப்பட்ட ஊர் பேர்மிங்ஹாம். இதில் சந்தேகம் வேண்டாம்.

நடுவே இருக்கிற 25 தொடர் இலக்கம் அல்ல. ஒரு இறாத்தல் ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்துகிற உருண்டைக் குண்டு எத்தனை வார்க்கலாம் என்பதன் கணக்கு. 25 என்றால் ஒரு குண்டு ஏறக்குறைய 18 கிராம், குழல் வாயின் விட்டம் 14.5 மில்லிமீற்றர் சொச்சம். பிரிட்டிஷ் படையின் 1853 ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிளின் விட்டம் 0.577 அங்குலம், அதாவது 14.66 மில்லிமீற்றர். அந்த ரைஃபிளின் வியாபாரப் பிரதிகளில் வழக்கமாக வரும் எண் 24 அல்லது 25. தகட்டின் அமைப்பு, ஆண்டு, இந்த எண் மூன்றும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. உங்களிடம் இருப்பது பேர்மிங்ஹாமில் செய்த 1853 மாதிரி என்ஃபீல்ட், அல்லது அதன் மிச்சம்.

மிச்சம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ரைஃபிளின் முழு நீளக் குழல் 39 அங்குலம். மூன்று இரும்பு வளையம் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும். இதே குடும்பத்தில் 33 அங்குலக் குழலும் இரண்டு வளையமும் உள்ள குட்டையான வகையும் உண்டு. 31 அங்குலம் இரண்டிலும் சேராது. வாய் விளிம்பைப் பாருங்கள், முன்குறிக் காய் இருக்கிறதா? முழு நீள ரைஃபிளில் அந்தக் காயிலேதான் பயனெற்றைப் பூட்டுவார்கள், அதனால் அது தடித்த சதுரக் கட்டியாக இருக்கும். அது இல்லை, அல்லது பித்தளையில் பிறகு ஒட்டிய ஒரு மணி மாதிரி இருக்கிறது என்றால், குழலை யாரோ வெட்டியிருக்கிறார்கள். காட்டுக்குள் 39 அங்குலக் குழலோடு நுழைந்து பார்த்தவருக்கு ஏன் வெட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே வழுவழுப்பு என்றீர்கள். அசலில் குண்டைச் சுழற்றுகிற மூன்று வரிப்பள்ளம் இருக்க வேண்டும், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மிகவும் மெதுவான சுற்று என்பதால் பார்க்கிறவர் கண்ணில் படாமலும் போகும். டோர்ச்சை வாய்க்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உண்மையிலேயே இல்லை என்றால் வேர்ணியரால் வாயை அளவுங்கள். 14.6 கிட்ட நின்றால் தேய்மானம். 15.6 கிட்ட வந்தால் அது 20 ஆம் இலக்க அளவு, சன்னம் (சிறு ஈய உருண்டைகள்) போட்டுச் சுடுவதற்காக உள்ளே கடைந்து பெருப்பித்திருக்கிறார்கள். பின்னால் இருந்து தோட்டா போடும் ஸ்னைடர் முறை 1866 இல் படைக்கு வந்தது. அதற்குப் பிறகு வாய்வழி ரைஃபிள்கள் மலிந்துபோய், கடைந்து சொட்கன் போலாக்கி விற்கப்பட்டன. குழல் சொல்லும் அளவும் முத்திரை சொல்லும் அளவும் பொருந்தாவிட்டால் அந்தக் குழல் சோதனைக்குப் பிறகு மாற்றப்பட்டது என்று அர்த்தம். அதை ஒருபோதும் சுடக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

இப்போது அந்த முடி. அதற்குக் கீழே வீ.ஆர் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா? விக்டோரியா மகாராணியைக் குறிக்கிற எழுத்துகள் அவை. அரச படைக்குச் செய்ததில் முடிக்குக் கீழே கட்டாயம் வரும். அகன்ற அம்புக்குறியும் வரும், 1855 க்குப் பிறகு டபிள்யூ.டி (போர்த் திணைக்களம்) என்ற எழுத்தும் சேரும். இரண்டு அம்புக்குறி முனையோடு முனை முட்டுகிற மாதிரி அடித்திருந்தால் அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். உங்கள் விவரத்தில் இவை ஒன்றுமே இல்லை. வெறும் முடி, டவர், 1862, பேர்மிங்ஹாம் வியாபார முத்திரை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அந்த வருடங்களில் வடக்கும் தெற்கும் போட்டி போட்டு வாங்கியதால் பேர்மிங்ஹாம் பட்டறைகள் இந்த மாதிரியை இலட்சக்கணக்கில் செய்து தள்ளின. உங்களுடையது அந்த அலையில் பிறந்த வியாபாரச் சரக்கு.

அப்படியானால் செய்தவர் யார்? இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். ஒரு பெயரைத் தேடுகிறார்கள். அன்றைய பேர்மிங்ஹாமில் ஒரு துவக்கு ஒரு கையால் உருவானதில்லை. குழலைக் காய்ச்சி உருட்டினவர் ஒருவர், உள்ளே கடைந்தவர் வேறொருவர். பூட்டுப் பொறி (குதிரையை இயக்குகிற பொறி) டார்லஸ்டன், வுல்வர்ஹாம்டன் பக்கத்து அரத்துக்காரர்களிடமிருந்து வந்தது. கட்டை செதுக்கியவர், பித்தளை வார்த்தவர், எல்லாவற்றையும் பொருத்தி முடித்தவர் என்று வேறு வேறு ஆட்கள், பெரும்பாலும் சில தெருக்களுக்குள்ளேயே. கடைசியில் பெயர் போட்டு விற்றவர் ஒரு சுத்தியலும் தூக்காதவராக இருக்கலாம். ஆகவே “செய்தது யார்” என்ற கேள்வியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பதில் வரும்.

குழலின் அடிப்பக்கம்தான் புதையல். கட்டையில் படிந்திருக்கிற அந்தப் பக்கத்தை வாங்குகிறவர் பார்க்க மாட்டார், வேலைக்காரர்கள் மட்டுமே பார்ப்பார்கள். அதனால் பொய் எழுத அவசியமே இல்லை. குழல் செய்தவரின் பெயரோ முதலெழுத்தோ அங்கே இருக்கும். பேர்மிங்ஹாம் என்ஃபீல்ட்களில் ‘எஸ்ரா மில்வர்ட்’ என்ற குழல் செய்பவரின் பெயர் முழுதாகவே அடித்துக் கிடைப்பதுண்டு. உயர்ரக லண்டன் துவக்குகளில் சீ.எல் என்று சின்னதாக இருந்தால் அது சார்ல்ஸ் லங்காஸ்டர். தன் பெயரில் கடை போடும் முன் பெரிய பெயர்களுக்குக் குழல் செய்து கொடுத்தவர். கட்டைக்குள் குழல் படுக்கிற பள்ளத்திலும் பாருங்கள். ஸ்வின்பர்ன், டிப்பிங் அண்ட் லாடன், ஹொலிஸ் அண்ட் ஷீத் போன்ற பேர்மிங்ஹாம் ஒப்பந்தக்காரர்களின் பெயர் மரத்தில் அடித்திருந்தால், முழுத் துவக்கையும் பொருத்திக் கொடுத்தவர் என்று நீங்கள் சொல்லக்கூடிய ஆள் கிடைத்துவிட்டார்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். உள்ளே மருந்து இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். திருகாணிப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்கிற ஸ்குரு டிரைவர் வேண்டும். தளர்ந்ததைப் போட்டால் தலை வழுக்கி, 160 வருடமாகக் கெடாத திருகாணி ஒரு நிமிடத்தில் கெட்டுவிடும். இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு இரண்டு நாள் விடுங்கள். குதிரையைப் பாதியில் நிறுத்தி, பக்கத் தகட்டைப் பிடிக்கிற இரண்டு திருகாணியையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றாமல், அவற்றின் தலையில் ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் தகடு மறுபக்கமாக எழும்பி வரும். கத்தி முனையை இடுக்கி நெம்பினால் மரம் பிளக்கும். தகடு கையில் வந்ததும் உட்புறத்தைப் பாருங்கள், பூட்டுச் செய்தவரின் எழுத்து அங்கே இருக்கும். பிறகு வளையங்கள், பின்வால் திருகாணி, குழல் என்று வரிசையாக. எது எங்கே இருந்தது என்று ஒவ்வொரு படியிலும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துருவைச் சுரண்ட வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாவிக் காற்று உப்புப் பிடித்தது, எங்கள் பக்கத்து இரும்பெல்லாம் கறுப்பாகவும் செம்மண் நிறமாகவும்தான் இருக்கும். மண்கடதாசி போட்டு மினுக்கினால் துவக்கு புதிதாகத் தெரியும், முத்திரை போய்விடும். ஒரு இடத்தில் பளபளப்புக்காக அரைத்த குழலைக் கையில் வைத்துக்கொண்டு “பெயர் இருந்தது, இப்போது இல்லை” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் நொந்துபோகும். எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் இருட்டறையில் டோர்ச்சைக் குழலோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சோக்குத் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை நிற்கும். மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்த பிரதி படத்தை விடத் தெளிவாக இருக்கும்.

கட்டையில் சூடு போட்ட குறியை ஆங்கிலக் கம்பனி முத்திரை என்று எண்ணித் தேட வேண்டாம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் போடிமார் மாட்டுக்குப் போட்ட குறியாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட. மட்டக்களப்பில் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒரு குறி இருந்தது உங்களுக்குத் தெரியும். பட்டியில் மாடு மாறாமல் இருக்கப் போட்ட அதே இரும்பைத் துவக்குக்கும் வைத்திருப்பார்கள். மனைவியின் தாய்வழியில் வயது போனவர்கள் யாராவது இருந்தால் குறியை வரைந்து காட்டிக் கேளுங்கள். செய்தவரின் பெயர் பேர்மிங்ஹாமில் கிடைக்கும், வைத்திருந்தவரின் பெயர் அந்தப் பெரியவர்களிடம்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதை இந்த வாரமே போய்க் கேட்க வேண்டும். புத்தகங்கள் காத்திருக்கும்.

கட்டையின் மரத்தையும் கவனியுங்கள். அசல் என்றால் வால்நட், கபில நிறம், ஒப்பீட்டில் பாரம் குறைவு. எங்கள் காட்டு மரமான முதிரை என்றால் கையில் எடுத்த உடனே பாரம் சொல்லும். இங்கே தச்சரிடம் கொடுத்துக் கட்டை மாற்றியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதுவும் அந்தத் துவக்கின் வரலாறுதான். ஆனால் கட்டை மாறியிருந்தால் பள்ளத்தில் ஒப்பந்தக்காரர் பெயரைத் தேடிப் பயனில்லை, குழலையும் பூட்டையும் மட்டும் நம்ப வேண்டும். ஒரு துவக்கின் குழலில் இன்னொன்றின் பூட்டைப் போட்டு ஓட்டியதும் சாதாரணம். அரசுக்குச் செய்த பூட்டு வியாபாரக் குழலில் இருக்கும். இரண்டும் ஒரே ஆளின் வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதே கேள்வியோடு வேறு விதமான துவக்கு வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தை. தகட்டில் லண்டன் என்றும் பெரிய பெயரும் இருந்து, குழலில் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி என்ற எழுத்தும் கீழே நட்சத்திரமும் இருந்தால், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சரக்கு. லண்டன் என்பது விற்பனைக்கு எழுதியது. அந்த வளையத்துக்கு மேல் முடி இருந்தால் 1893 க்குப் பிந்தியது. மதராஸ் பீ. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ரொட்டா என்ற பெயர்கள் விற்றவர்களுடையவை, அடிப்பக்கம் வேறு கதை சொல்லும். பெயரோடு தெரு முகவரியும் இருந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் கடைகள் இடம் மாறிய ஆண்டு பதிவாகியிருக்கிறது. லண்டன் துவக்குக்காரர் பர்டியின் கடை ஒக்ஸ்ஃபோர்ட் தெரு 314½ இல் இருந்தது 1826 முதல் 1882 வரை. அந்த முகவரி மட்டுமே போதும் காலத்தைக் கட்டுவதற்கு. வீ.ஓ.சி என்று பின்னிய எழுத்து இருந்தால் ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் உடைமை. மட்டக்களப்புக் கோட்டை 1638 இல் அவர்கள் கைக்குப் போனது என்பதால் இங்கே அப்படி ஒன்று கிடைப்பதில் வியப்பில்லை. பூட்டு இடப்பக்கத்தில் இருந்து, கட்டை முழுக்கக் கொடி வேலைப்பாடும் தந்தமும் பதித்து, பின்பகுதி இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தால் அது கண்டி இராச்சியத்துக் கைவினை. அதை வீட்டில் வைத்து ஒன்றும் செய்யாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஒரு முத்திரையும் இல்லாமல், குழலில் நீளவாக்கில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் அது தண்ணீர்க் குழாயில் இங்கேயே செய்த இடியன். அதற்குச் சோதனை என்ற ஒன்றே நடந்ததில்லை, சுட்டவரின் கையையும் கண்ணையும் எடுக்கிறது அதுதான்.

பெயர் கிடைத்த பிறகு தேடுவது இலகு. பேர்மிங்ஹாமின் பழைய வர்த்தக விவரக்கொத்துகளை லெஸ்டர் பல்கலைக்கழகம் எண்ணிம வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 1862 ஐ ஒட்டிய ஆண்டுகளைத் திறந்து, துவக்குக் குழல் செய்வோர், பூட்டு வெட்டுவோர், துவக்குச் செய்வோர் என்ற தலைப்புகளைத் தனித்தனியாகப் பாருங்கள். தொழில் வாரியாகப் பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். பெயரோடு தெருவும் வரும். 1861 குடிக்கணக்கில் அதே தெருவைத் தேடினால் வயதும் குடும்பமும் கிடைக்கும். லீட்ஸ் நகரத்து ரோயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் 1853 மாதிரிகள் படத்தோடு இருக்கின்றன. உங்கள் பூட்டையும் வளையங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். முதலெழுத்து மட்டும் கிடைத்தால் அவசரப்பட்டு ஒரு பெயரில் முடிக்க வேண்டாம். ஜே, டி என்று தொடங்குகிற குழல்காரர் ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்திருக்கலாம். எழுத்தின் வடிவம், சுற்றியிருக்கிற கட்டம், புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது வரை பொருந்த வேண்டும்.

லைசன்ஸ் விஷயம் ஒழுங்கானதும், குழலின் அடிப்பக்கத் தேய்ப்புப் பிரதி, தகட்டின் உட்புறம், வாயின் மில்லிமீற்றர் அளவு, முடிக்குக் கீழே எழுத்து உண்டா இல்லையா என்ற நான்கையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழல் செய்தவரை வைத்தே தொடங்குவோம்.